வயலின், ஓட்டம், ரொட்டி: ஓர் இசை ஆசிரியரின் இலையுதிர் காலம்

அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தொடக்கப் பள்ளியில் இசை கற்பிக்கும் ஓர் ஆசிரியரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒருவரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இப்படி வாழ்பவர்கள் ஏராளம். பகலில் வகுப்பு. பள்ளி விட்டதும் ஓட்டம். வார இறுதியில் ஓவனில் ரொட்டி, ஆப்பிள் பை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவருடைய நாட்கள் இப்படித்தான் போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள். ஆனால் மூன்றையும் ஆட்டிவைப்பது ஒன்றுதான்: காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது. வயலினின் சுருதி இறங்குவதும், ஓடுகிறவரின் கால் இலகுவாவதும், பிசைந்து வைத்த மாவு எழும்பத் தாமதமாவதும் அந்த ஒரே மாற்றத்தின் விளைவுகள். அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பள்ளி. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இசை ஒரு பாடமாக நுழைந்தது பாஸ்டன் நகரில்தான். லோவெல் மேசன் என்பவரின் முயற்சியால் 1838இல் அந்த நகரப் பள்ளிக் குழு இசையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. இன்றும் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர் பெரும்பாலும் பள்ளி முழுவதற்கும் ஒருவரே. ஒவ்வொரு வகுப்பும் வாரத்துக்கு ஓரிரு முறை அவரிடம் வரும். மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ரெக்கார்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழலை ஊதப் பழகுவார்கள். அதற்கடுத்து விருப்பமுள்ளவர்கள் வயலினோ கிளாரினெட்டோ டிரம்பெட்டோ எடுப்பார்கள். ரெக்கார்டரில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் வாசிப்பது மூன்றே சுரங்கள் கொண்ட 'ஹாட் கிராஸ் பன்ஸ்' என்ற பழைய மழலைப் பாட்டு. சிலுவைக் குறி இட்ட இனிப்பு பன்னை விற்கும் பாட்டு அது. அடுப்படிக்கும் இசை வகுப்புக்கும் உறவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளி திறப்பது ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில். டிசம்பரில் பெற்றோர் முன்னால் கச்சேரி. வில்லை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத பிள்ளைகளை ஏறக்குறைய மூன்று மாதத்தில் மேடையேற்ற வேண்டும். இலையுதிர் காலம் என்றதும் சோம்பலும் சோகமும் கலந்த பருவம் என்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இசை ஆசிரியருக்கோ ஆண்டிலேயே அதிக வேலை உள்ள பருவம் அதுதான்.

இந்த மூன்று மாதத்தின் நடுவில்தான் கட்டடத்தின் ஹீட்டர்கள் ஓடத் தொடங்குகின்றன. அங்கிருந்துதான் வாத்தியங்களுக்குச் சிக்கல்.

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி வரை இருக்கலாம். 5 பாகையில் 7 கிராம்கூட நிற்காது. வெளியே 5 பாகையில், 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடேறினால் என்ன ஆகும்? அதில் இருக்கும் நீர் கூடவில்லை; தாங்கக்கூடிய அளவு மட்டும் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிட்டது. எனவே அறைக்குள் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருக்கும்; உள்ளே உதடு வெடிக்கும். வெளியே ஈரமாக இருக்கிறதே, உள்ளே எப்படி வறளும் என்று புதிதாக அங்கே போகிறவர்கள் திகைப்பது இதனால்தான்.

மரம் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். குடித்தால் உப்பும், கக்கினால் சுருங்கும். அதுவும் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவாக, குறுக்குவாக்கில் அதிகமாக. வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் மரம். முதுகும் கழுத்தும் மேப்பிள். ஆசிரியர் ஓடும் பாதையில் செக்கச் சிவந்து நிற்கும் மரங்களின் இனந்தான். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகள் பெரும்பாலும் கருங்காலி. பிருடையும் அது செருகியிருக்கும் துளையும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பிடி விட்டுப்போகும். தந்தியின் இழுவிசை பிருடையைத் திருப்பிவிட, தந்தி தொய்ந்துவிடும். தந்திகள் எல்லாம் தொய்ந்தால் அவற்றைத் தாங்கி நிற்கும் 'குதிரை' என்ற சிறு பலகை சரிந்து விழும். சில சமயம் உள்ளே நாதத்தைக் கடத்த நிறுத்தியிருக்கும் சிறு மரக்குச்சியும் சாய்ந்துவிடும். அக்டோபர் இறுதியில் ஒரு திங்கட்கிழமை காலை வாத்திய அலமாரியைத் திறக்கும் ஆசிரியருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே அரைமணி நேர வேலை காத்திருக்கும். பிருடையை உள்நோக்கி அழுத்தியபடியே திருப்ப வேண்டும். அதற்கென்று விற்கும் பசையைக் கொஞ்சம் தடவினால் பிடிமானம் வரும். பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்த சிறு குழாயைப் போட்டு வைத்தால் அடுத்த வாரம் சிரமம் குறையும்.

பியானோவுக்கும் இதே கதிதான், அளவில் பெரியது. அதன் உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட எஃகுத் தந்திகள். அவற்றைத் தாங்கி அதிரும் ஒலிப்பலகை ஸ்புரூஸ். கோடை ஈரத்தில் பலகை உப்பித் தந்திகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் பலகை சுருங்கி அமரும், சுருதி இறங்கும். ஆகவே சுருதி சேர்ப்பவரை ஹீட்டர் போட்ட அன்றே அழைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுத்து, மரம் புதிய காற்றுக்குப் பழகிய பிறகு அழைக்க வேண்டும். கச்சேரி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி இந்தத் தேதியைக் குறித்து வைப்பது நல்ல ஆசிரியரின் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊரில் அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. மழை ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதை வித்வான்கள் நன்கு அறிவார்கள். அங்கே தோல் வாத்தியம் வறட்சியில் இறுகிச் சுருதி ஏறும். இசை அறையில் உள்ள ஆப்பிரிக்கத் தோல் முரசுகளை இரவில் சற்றுத் தளர்த்தி வைப்பது அதற்காகத்தான்.

குழல் வாத்தியங்களின் கணக்கு வேறு. அவற்றில் அதிர்வது உள்ளே உள்ள காற்று. காற்றில் ஒலியின் வேகம் 20 பாகையில் நொடிக்கு 343 மீட்டர். 10 பாகையில் 337. வேகம் குறைந்தால் சுருதியும் அதே விகிதத்தில் இறங்கும். பத்துப் பாகைக் குளிருக்கு, அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாசிப்பவரின் மூச்சுச் சூடு இதைக் கொஞ்சம் ஈடுகட்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்தாட்டத் திடலில் அணிவகுப்பு வாத்தியக் குழு வாசிக்கும்போது, கிளாரினெட்காரர்கள் நல்ல மரக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கருவியோடு வருவார்கள். உள்ளே மூச்சின் சூடும் ஈரமும், வெளியே குளிரும் சேர்ந்து மரத்தை விரிசல் விடச் செய்துவிடும் என்ற பயந்தான் காரணம்.

வாத்தியத்துக்குப் பகையான இதே குளிர் ஓடுகிறவருக்கு நண்பன். தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது, மீதி வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்க்கிறது. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் ஜூலை மாதம் வெக்கையும் புழுக்கமும் நிறைந்தது. வியர்வை ஆவியாகாமல் வழிந்துபோகும். தசைக்குப் போக வேண்டிய ரத்தம் தோலுக்குப் போய்விடும். இதயம் இரட்டைச் சுமை சுமக்கும். அக்டோபரில் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. கோடை முழுவதும் தன் வேகம் கூடவேயில்லை என்று நொந்துபோனவர், செப்டம்பர் கடைசியில் அதே பாதையை அதே முயற்சியில் முன்பைவிட விரைவாக முடிப்பார். கோடையில் பட்ட பாடு உடலில் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. வெக்கை அதை மறைத்திருந்தது.

பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களின் பத்தாண்டு முடிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஓட்டத்துக்கு மிக உகந்த வெப்பம் ஓடுபவரின் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 10 பாகை செல்சியஸ் வரை என்று கண்டது. பெரிய மாரத்தான்கள் பல இலையுதிர் காலத்தில் நடப்பதில் இந்தக் காரணமும் உண்டு. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் ஓடி முடித்து உலக சாதனை படைத்தது 2023 அக்டோபரில், சிகாகோவில். 

நம் ஆசிரியர் மாரத்தான் ஓடாதவராக இருக்கலாம். அவருக்கு ஓட்டம் வேறொன்றைத் தருகிறது: நாள் முழுக்க இருபது ரெக்கார்டர்களின் கீச்சொலி கேட்ட காதுக்கு ஓய்வு. இசைக்காரர்கள் பலர் பாட்டுக் கேட்காமலேயே ஓடுகிறார்கள் என்றால் எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அவர்கள் காதில் காலடியே தாளமாக விழும். ஓடும்போது மூச்சும் அடியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதை டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் விளக்கினார்கள். நான்கு கால் விலங்குகள் பாய்ந்தோடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுண்டவை. மனிதரால் பல விகிதங்களில் மாற்றிக்கொள்ள முடியும். நான்கு காலடிக்கு ஒரு மூச்சு என்பது அவற்றில் அதிகம் காணப்படுவது. எத்தனை அட்சரத்துக்கு ஒரு மூச்சு என்று பிள்ளைகளுக்குப் பகலில் சொல்லிக்கொடுத்தவர் மாலையில் அதையே தன் உடம்பில் செய்துபார்க்கிறார்.

மூச்சு என்றதும் தொண்டையைச் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியத் தொழில் குரலைத் தின்னும் தொழில். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 விழுக்காடு, மற்றத் தொழில் செய்பவர்களில் 28.8. பாடியும் பேசியும் கற்பிக்க வேண்டிய இசை ஆசிரியருக்குச் சுமை இன்னும் கூடுதல். வறண்ட அறைக் காற்று குரல் நாண்களை உலர்த்தும். குளிர்ந்த காற்றை வாயால் இழுத்து ஓடினால் மூச்சுக்குழாயும் உலரும், சிலருக்கு இருமலும் இழுப்பும் வரும். மூக்கு வழியாக இழுத்தால் காற்று சூடேறி ஈரமாகி உள்ளே போகும். வேகமாக ஓடும்போது அது முடியாது. அதனால்தான் பள்ளி நாட்களின் மாலை ஓட்டத்தைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கழுத்தில் ஒரு மெல்லிய துணியை வாய்வரை இழுத்துவிட்டால் மூச்சின் ஈரம் அதிலேயே தங்கித் திரும்பி வரும்.

உடையைப் பொறுத்தவரை, வெளியே உள்ளதைவிடப் பத்துப் பாகை சூடு கூடுதல் என்று நினைத்து உடுத்துவது வழக்கம். புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள்; மறுநாளே பாஸ்டன் பக்கத்தில் மாலை நாலரை மணியையொட்டிச் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு நெற்றி விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் மேலுடையும் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. ஈர இலைகள் பாசிபோல வழுக்கும். அவற்றின் அடியில் வேரும் ஓக் கொட்டைகளும் மறைந்திருக்கும். இலையழகைப் பார்க்கிறவர் நின்று பார்க்க வேண்டும், ஓடுகிறவர் தரையைப் பார்க்க வேண்டும்.

இனி அடுப்படி. கோடையில் ஓவன் போட்டால் வீடு கொதிக்கும், யாருக்கும் மனம் வராது. குளிர் வந்ததும் அதே சூடு வேண்டியதாகிவிடுகிறது. தோட்டங்களில் ஆப்பிளும் அப்போதுதான் பழுக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பறித்துவருவது அங்கே வழக்கம். பறித்துவந்த கூடையை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடைதான், மாவு ஓட்டுக்குள் பழத்துண்டுகளை வைத்துச் சுடும் பை. எல்லா ஆப்பிளும் பைக்கு ஆகாது. நியூ இங்கிலாந்து முழுக்கக் கிடைக்கும் மெக்கின்டாஷ் வெந்ததும் குழைந்து கூழாகும். மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் துண்டு துண்டாக நிற்கும். இரண்டையும் கலந்து போடுகிறவர்களே என் பார்வையில் விவரமானவர்கள்: ஒன்று சாறாகும், மற்றொன்று கடிக்கக் கிடைக்கும். துண்டுகளை முதலில் 60, 70 பாகைச் சூட்டில் சற்று நேரம் வைத்தால் பழத்தில் உள்ள பெக்டின் உறுதிப்பட்டு, பிறகு ஓவனில் அவ்வளவாகக் குழையாது.

பையின் மேலோட்டுக்குக் குளிர்ந்த அடுப்படி பெரிய உதவி. மாவில் வெண்ணெய் சிறு சிறு துண்டுகளாகவே இருக்க வேண்டும். ஓவனில் அது உருகும்போது அதில் உள்ள நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். ஆகஸ்டில் கை வைத்ததும் வெண்ணெய் இளகி மாவோடு கலந்து, ஓடு கெட்டித்துப்போகும். நவம்பரில் ஆற அமரச் செய்யலாம்.

ரொட்டிக்கு நேர் எதிர். ஈஸ்ட் 25 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். அடுப்படி 18 பாகைக்கு இறங்கினால் மாவு எழும்ப ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும். நம் வீட்டில் மார்கழியில் இட்லி மாவு புளிக்காமல் சண்டித்தனம் செய்வதுபோல. செய்முறைப் புத்தகம் ஒரு மணி நேரம் என்று சொன்னாலும் கடிகாரத்தை நம்பக் கூடாது. மாவு உப்பியதா என்றுதான் பார்க்க வேண்டும். தாமதத்திலும் ஒரு லாபம் உண்டு: மெதுவாகப் புளித்த மாவில் சுவை கூடும். வெள்ளி இரவு பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்த மாவு, சனி காலை நீண்ட ஓட்டம் முடிந்து வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். ஓட்டத்தில் தசையின் சர்க்கரைச் சேமிப்பு கரைந்திருக்கும். அதை நிரப்ப மாவுச்சத்து வேண்டும். வார இறுதி நேரம் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிறது. வறண்ட அறையில் மாவின் மேல் தோல் படர்ந்துவிடும் என்பதால் ஈரத்துணியாலோ மூடியாலோ மூடி வைப்பது அவசியம்.

பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்பு ஆகிய நான்கும் கலந்த பொடி அந்த மாதங்களில் அமெரிக்காவெங்கும் மணக்கும். நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்குதான். அங்கே சாதாரணமாக விற்கும் பட்டை இலங்கைக் கறுவா அல்ல, கேசியா என்ற முரட்டு வகை. பட்டையில் உள்ள எண்ணெய் ஈஸ்ட்டைத் தடுக்கும். ஆகவே பட்டை ரொட்டி செய்கிறவர்கள் பொடியை மாவில் கலந்து பிசைவதைவிட, தட்டிய மாவின் மேல் தூவிச் சுருட்டுவது மேல்.

ரொட்டி வெந்ததா என்று தெரிந்துகொள்ள அடியில் விரலால் தட்டுவார்கள். வெந்திருந்தால் உள்ளீடற்ற பானைபோல ஒலிக்கும். வேகாவிட்டால் மந்தமாகக் கேட்கும். வெந்த ரொட்டியில் நீர் குறைந்து, உள்ளே காற்றறைகள் உறுதிப்பட்டு நிற்பதால் வரும் ஒலி அது. வெளியே எடுத்து வைத்ததும் மேலோடு ஆறிச் சுருங்கி மெல்ல வெடிக்கும். படபடவென்று சிறு ஒலி எழும். இசைக் காதுள்ளவர்கள் இந்த வேலையில் தேறிவிடுவதில் வியப்பில்லை.

நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள். அன்று காலை பல ஊர்களில் மக்கள் கூட்டமாக ஓடிவிட்டுத்தான் விருந்துக்கு உட்காருவார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இந்த ஓட்டம் 1896இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அது முடிந்ததும் கச்சேரிக்கு நாட்கள் எண்ணப்படும். கச்சேரியன்று பள்ளி வாயிலில் பெற்றோரும் ஆசிரியரும் செய்து கொண்டுவந்த பை, ரொட்டி, பிஸ்கட்டுகளை மேசையில் பரப்பி விற்பது பல பள்ளிகளில் உண்டு. திரளும் பணம் வயலின் தந்திக்கும் இசைத்தாளுக்கும் போகும். பள்ளிகளில் செலவைக் குறைக்கும்போது இசையில் கைவைப்பது எளிதாகத் தோன்றுகிறது. அதனால் இந்த மேசை வெறும் தின்பண்டக் கடை அல்ல.

இப்படிப்பட்ட குளிர் நாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளிலும் வீணை, வயலின், மிருதங்கம் இருக்கின்றன. அவர்களுக்கு இதே விளக்கம் அப்படியே பொருந்தும். வீணையின் பலா மரமும் வறட்சியில் விரிசல் விடக்கூடியதே. வாத்தியம் இருக்கும் அறையில் ஒரு சிறு ஈரமானி மாட்டி, 40 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் அறையில் ஈரமூட்டும் கருவியை ஓடவிடுங்கள். ஹீட்டருக்கு அருகிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வாத்தியத்தைச் சாய்த்து வைக்க வேண்டாம். குளிரில் காரில் கொண்டுபோன பெட்டியை வீட்டுக்குள் வந்த உடனே திறக்காமல், அரைமணி நேரமாவது மூடியே வைத்துப் பிறகு திறந்து சுருதி சேருங்கள்.